தண்ணிப் பெட்டி – 11: குழாய்க்குக் காட்டிய சாம்பிராணி

பேச்சியம்மாளுக்கு அந்த மெஷின் மேல் முதல் நாளிலிருந்தே நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஃப்யூல் செல் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. நுழைக்க அவள் முயற்சி செய்யவும் இல்லை. அதிலிருந்து கரண்டும் வரும், தண்ணீரும் சொட்டும் என்று மகள் விளக்கியபோது, "அப்ப தண்ணிப் பெட்டின்னு சொல்லு" என்றாள். வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவள் கணவர் தங்கதுரையின் கதை வேறு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் காலம் தள்ளி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த மனிதர். கைக்கு வந்த பணத்தை பாங்கில் போட்டு வட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருந்தால் இந்தத் தொடர்கதையே இல்லை. அவர் அதைக் கொண்டுபோய் தீர்த்தகிரியின் கம்பெனியில் பங்காகப் போட்டார்.

தீர்த்தகிரி ஓசூருக்குப் பக்கத்திலுள்ள பேரிகை ஊர்க்காரர். வெளிநாட்டில் படித்து, அங்கேயே வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, சிப்காட்டை ஒட்டி ஒரு ஷெட் எடுத்திருந்தார். செல்ஃபோன் டவர்களில் டீசல் ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் இந்தப் பெட்டியை வைப்பது அவர் திட்டம். ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் காற்று, நடுவில் மின்சாரம். சத்தமில்லை, புகையில்லை. ஊரெல்லாம் நினைத்த நேரத்தில் கரண்ட் போய்க்கொண்டிருந்த 2008ஆம் வருஷத்தில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் தங்கதுரையை விழ வைத்தது அந்தப் பேச்சு இல்லை. ஷெட்டின் தரை. மஞ்சள் கோடு அழியாமல் இருந்தது. பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவம் வரைந்து, அதனதன் இடத்தில் அது அது தொங்கியது. இவ்வளவு ஒழுங்காகப் பட்டறை வைத்திருக்கிறவன் மோசமான சரக்குச் செய்யமாட்டான் என்று நின்ற இடத்திலேயே முடிவு கட்டினார். வரவு செலவு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பேனரைத் திருப்பித் திருப்பித் துரு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

அவர் போட்டதோடு விட்டிருக்கலாம். கூட வேலை பார்த்தவர்களும் அவரைப் பார்த்துப் போட்டார்கள். அதில் கங்கப்பனும் ஒருவர். அதே தொழிற்சாலையில் டிராலி தள்ளிய உள்ளூர்க்காரர். சூளகிரிக்குப் பக்கத்தில் நாற்கர சாலைக்குப் போன நிலத்துக்கு வந்த நஷ்டஈடு முழுவதையும் அவர் போட்டுவிட்டார். தங்கதுரையின் மகள் சத்யப்ரியா அதே கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினீயராக வேலைக்குச் சேர்ந்தபிறகு எல்லோருக்கும் இன்னும் தைரியம் வந்துவிட்டது.

தைரியம் வந்ததே தவிர, வேறு ஒன்றும் வரவில்லை. கம்பெனியில் பணம் வற்றிவிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். புனேயில் ஒரு பெரிய கம்பெனி மட்டும், மெஷினை நேரில் பார்த்துவிட்டு முதலீடு செய்வதைப் பற்றிச் சொல்கிறோம் என்று எழுதியிருந்தது. அவர்கள் போட்டால் பிழைக்கலாம். போடாவிட்டால் தீபாவளிக்கு முன்னால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று தீர்த்தகிரி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பூட்டினால் போகிற பணத்தைவிட, தன்னை நம்பிப் போட்டவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் தங்கதுரையைத் தூங்கவிடாமல் அரித்தது.

புனேக்காரர்கள் வருவதாகச் சொன்ன நாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பண்டிகையன்று விடுமுறை என்பதால், ஓசூரில் பட்டறைகளுக்கெல்லாம் அன்றைக்குத்தான் பூஜை.

*

காலையில் ப்ரியா வீட்டுக்கு வந்தது குளிப்பதற்காக. பல நாட்களாக மெஷினை நிறுத்தாமல் ஓடவிட்டு, அதோடு ஷெட்டிலேயே கிடந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவளைப் பேச்சியம்மாள் பிடித்து உட்காரவைத்து இட்லி வைத்தாள்.

அப்பா எங்கே என்று ப்ரியா கேட்டாள். வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி மாட்டிக்கொண்டு விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டார் என்று தெரிந்தது. பூஜையை அவரே முன்னால் நின்று செய்ய வேண்டும் என்று தீர்த்தகிரி கேட்டிருந்தார். பங்கு போட்டவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருகிறார்கள்.

"நான் சொன்னதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்குமாம்மா?"

"நீ சொன்னத என்கிட்ட ஒப்பிச்சிட்டுத்தான் போனாக. சந்தனம் கூடாது, குங்குமம் கூடாது, மாலை கூடாது, ரூம் கதவத் தொறக்கவே கூடாது. போதுமா?"

போதும் என்று ப்ரியா தலையாட்டினாள்.

பேச்சியம்மாள் சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் கேட்டேவிட்டாள். "ஓடிருமாட்டி அது?"

"ஓடிட்டுத்தான்மா இருக்கு. கோடு போட்ட மாதிரி ஓடுது. மத்தியானம் அவங்க வந்து அதைப் பாத்தாப் போதும்."

"ஓடட்டும் தாயி. ரேஷன் கடையில அந்த மாரம்மாளப் பாத்தா நான் வேற பக்கம் திரும்பிக்கிடுதேன். அவ ஒண்ணும் கேக்கல. கேக்காம சிரிக்கா பாரு, அதான் தாங்க முடியல."

மாரம்மா கங்கப்பனின் மனைவி. ப்ரியா இன்னொரு இட்லியைப் பிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. மெஷின் நன்றாக ஓடும் சந்தோஷத்தில், கொஞ்சம் படுத்து எழுந்துதான் போகலாமே என்றுகூடத் தோன்றியது. படுத்தாள். அதற்காக அன்று முழுவதும் தன்னைத் திட்டிக்கொள்ளப் போகிறாள்.

*

ஷெட் வாசலில் வாழைக்கன்று கட்டி, லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டாகிவிட்டது. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பங்கு போட்டவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பொரியும் கடலையும் கைமாறிக்கொண்டிருந்தன. தீர்த்தகிரி விருந்தாளிகளை அழைத்துவர பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தார்.

தங்கதுரை தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக வந்தார். டெஸ்ட் ரூமுக்கு முன்னால் வந்ததும் நின்றார். கண்ணாடிக் கதவில் 'உள்ளே வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது' என்று ப்ரியா ஒட்டிவைத்த தாள். உள்ளே தண்ணிப் பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன.

அங்கே டெக்னீஷியனாக இருந்த முனிவேல், கங்கப்பனின் அக்கா மகன். அவன் குறுக்கே வந்து நின்றான். கேஸ் ஓடுகிற இடம், கற்பூரம் கொண்டுவரக்கூடாது என்றான். தங்கதுரை அவனைத் தட்டிக்கொடுத்தார். பாதுகாப்பு விதியை மீறுகிற ஆள் அவர் இல்லை. கற்பூரத் தட்டை அப்படியே வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

வந்தவருக்கு மனசு ஆறவில்லை. துளை போடுகிற மெஷினுக்கெல்லாம் பூஜை செய்துவிட்டு, எல்லோரும் நம்பியிருக்கும் மெஷினை மட்டும் பட்டினி போடுவதா? அதுவும் அதன் தலையெழுத்து முடிவாகிற நாளில்?

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. டெஸ்ட் ரூமின் பின்சுவரில், வெளிப்பக்கம், ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்கு வேண்டிய காற்றை மின்விசிறி அந்த வழியாகத்தான் இழுக்கிறது. மெஷின் மூச்சு விடும் இடம் என்று மகளே சொல்லியிருக்கிறாள். அங்கே கேஸ் இல்லை. கதவைத் திறக்க வேண்டாம். மெஷினைத் தொடவும் வேண்டாம். மகள் போட்ட விதி ஒன்றுகூட மீறப்படாது.

சாம்பிராணித் தட்டோடு அவர் பின்பக்கம் போனார். கங்கப்பனும் மாரம்மாவும் மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். குழாயின் விளிம்பில் பொட்டு வைத்து, ஒரு சாமந்திப் பூவைச் செருகினார். பிறகு தட்டைக் குழாயின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

புகை மேலே போகவில்லை. வளைந்து நேராகக் குழாய்க்குள் போனது. ஒரு இழைகூட வெளியே சிந்தவில்லை.

மாரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா, எப்படி வாங்கிக்குதுன்னு."

எல்லோரும் கை கூப்பினார்கள். தங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாள் பட்ட கவலைக்குக் கிடைத்த பதிலாகவே அவர் அதை நினைத்தார். தட்டில் இன்னும் இரண்டு கட்டி சாம்பிராணியைப் போட்டு, தணல் அடங்குகிற வரைக்கும் அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

*

ப்ரியா வந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபோது, பெட்டி தரும் கரண்டைக் காட்டும் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். ஹைட்ரஜன் அழுத்தம் சரியாக இருந்தது. சூடு சரியாக இருந்தது. தண்ணீர் அடைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் சரியாக இருந்தும், இத்தனை நாளும் நேராகப் போன கோடு, காலையில் ஏதோ ஒரு நேரத்தில் திரும்பி, சரிவில் உருளுவதுபோல் இறங்கியிருந்தது. விளக்குகளில் இரண்டு மங்கலாகிவிட்டன.

மிச்சமிருந்தது காற்றுதான். பின்பக்கம் ஓடினாள். பொட்டும் பூவும் அவளைப் பார்த்தன. மூடியைக் கழற்றி ஃபில்டரை எடுத்தாள். வெள்ளையாக இருக்க வேண்டியது பழுப்பேறி, கோயில் மாதிரி மணந்தது.

அது தூசியைத் தடுக்கும் ஃபில்டர். புகையைத் தடுக்காது. பெட்டிக்குள்ளே காற்று பட்டு வேலை செய்கிற இடம் பிளாட்டினம் பூசிய மெல்லிய தகடு. சாம்பிராணிப் பிசினின் ஆவி போய் அதன்மேல் அப்பிக்கொண்டால் பெட்டிக்கு மூச்சு முட்டும்.

யார் என்று முனிவேலைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கேட்டாள். அவன் நடந்ததைச் சொன்னான். அப்பா மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. சந்தனம், குங்குமம், மாலை எல்லாவற்றையும் நினைத்துச் சொன்னவளுக்குப் புகையைச் சொல்லத் தோன்றவில்லையே என்று தன் மேலேயே வந்தது. அழுகையும் வந்தது.

முற்றத்துக்கு வந்தவளிடம் தங்கதுரை ஒரு தட்டுப் பொரியோடு எதிரே வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். அதற்குள் கார் உள்ளே வந்துவிட்டது.

தீர்த்தகிரியை ஒரு ஓரத்துக்கு இழுத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. விசிறி கோளாறு என்று சொல்லிவிடலாம், ஒரு நாள் அவகாசம் கிடைக்கும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். விசிறி ஒழுங்காக ஓடியது என்பதும் அதே திரையில் பதிவாகியிருக்கிறது என்று ப்ரியா ஞாபகப்படுத்தினாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பெட்டி தானாகக் கெட்டது என்று எழுதிக்கொண்டு போவார்கள். பெட்டி நல்ல பெட்டி என்று நிரூபிக்க இருப்பது ஒரே வழி. அப்பா செய்ததைச் சொல்ல வேண்டும், அவரை நம்பி வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும்.

புனேயிலிருந்து வந்தவர்களில் மூத்தவர் ஒரு பெண்மணி. நரைத்த தலை, அலட்டல் இல்லாத பேச்சு. திரையைப் பார்த்தார். நேரான கோட்டைப் பாராட்டினார். விரல் சரிவுக்கு வந்ததும், இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ப்ரியா ஃபில்டரை அவர் கையில் கொடுத்துச் சொன்னாள். அவர் அதை முகர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று ப்ரியாவுக்குத் தோன்றியது. அவர் கேட்ட கேள்வி அப்படிப்பட்டது. நாளைக்கு இந்தப் பெட்டி நெடுஞ்சாலை ஓரத்தில் டவருக்கு அடியில் உட்காரும். லாரிப் புகை வரும், பக்கத்திலேயே குப்பை எரிப்பார்கள். ஒரு தட்டு சாம்பிராணியைத் தாங்காதது அங்கே எப்படித் தாங்கும்?

புகையையும் தடுக்கும் கரி ஃபில்டருக்கு ஆர்டர் கொடுத்திருப்பதாகத் தீர்த்தகிரி சொன்னார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

அந்தப் பெண்மணி கொஞ்சம் யோசித்தார். சுத்தமான காற்றை சிலிண்டரில் வாங்கிவந்து பெட்டிக்குள் விடச் சொன்னார். நாளை மத்தியானம் மறுபடி வருகிறோம், கோடு ஏறியிருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் மன்னிக்கவேண்டும் என்றார். கார் கிளம்பிப் போனது. நாளை பண்டிகை, கேஸ் கடை இன்றே மூடிவிடுமோ என்ற பயத்தில் தீர்த்தகிரியும் தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவுக்குப் பறந்தார்.

மங்கிய விளக்குகளை அதற்குள் முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டிருந்தார்கள். கங்கப்பன் எழுந்து வந்தார்.

"என்ன கண்ணு சொல்லிட்டுப் போறாங்க?"

தங்கதுரை பக்கத்தில் நின்றிருந்தார். ப்ரியா அவரைப் பார்க்காமல் சொன்னாள். "மெஷினு காத்து இழுக்கற குழாய்ல புகை போயிடுச்சு மாமா. சாம்பிராணிப் புகை. உள்ள படிஞ்சுட்டதால கரண்டு இறங்குது."

கங்கப்பன் மங்கிய விளக்குகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "கைக்கொழந்தைக்குத் தலைக்கு ஊத்திட்டு சாம்பிராணி காட்டறோம் கண்ணு. அதுக்கே ஒண்ணும் ஆகறதில்ல. இத்தாப் பெரிய மிசினுக்கு ஆயிடுமா?"

பின்னால் நின்றவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. மெஷின் எப்போதுமே சரியில்லை, இன்றைக்கு மாட்டிக்கொண்டார்கள் என்று ஒருவர் சொன்னார். சாமி மேலேயே பழி போடுகிறார்கள் என்று மாரம்மா தழுதழுத்தாள். வெளியூர்க்காரி ஒரு வார்த்தையில் நம்பியதை, ப்ரியாவை அறிந்த மனிதர்களில் ஒருவர்கூட நம்பவில்லை.

"ஓடலன்னா ஓடலன்னு சொல்லிடு கண்ணு," என்றார் கங்கப்பன். "நீ கொழந்த. உன்னச் சொல்லி என்னா. தொரையண்ணா சொல்லட்டும்."

எல்லோரும் தங்கதுரையைப் பார்த்தார்கள்.

ஓடிக்கொண்டிருந்த சரக்கு திடீரென்று கெட்டால், அன்றைக்கு என்ன மாறியது என்று தேடுவதுதான் இத்தனை வருஷமும் அவர் செய்த வேலை. இன்றைக்கு மாறியது ஒன்றுதான். அதை அவர் கை செய்தது. மகள் வாயைத் திறந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாதவர்போல் நின்றுவிடலாம். நண்பர்கள் மெஷினைத் திட்டுவார்கள், தீர்த்தகிரியைத் திட்டுவார்கள், அவரைத் திட்டமாட்டார்கள். அவரும் ஏமாந்தவர்களில் ஒருவராக அவர்களோடு போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

"பாப்பா சொல்லுதது சரிதான் கங்கப்பா," என்றார். "மெஷின் நல்லாத்தான் ஓடுச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

கங்கப்பன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தங்கதுரை தாங்கியிருப்பார்.

"நான் தீர்த்தகிரியப் பாத்தா துட்டுப் போட்டேன்? ஃப்யூலு செல்லுன்னா இன்னான்னு எனக்கு இன்னிய வரைக்கும் தெரியாது தொரையண்ணா. நீ பாஸ் பண்ணி அனுப்புன சரக்கு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. டிராலியில ஏத்துனவன் நான், எனக்குத் தெரியும். நெலம் போன துட்ட அத நம்பித்தான் உன் கையில குடுத்தேன். இப்ப நீயே வந்து நான் கெடுத்துட்டேன்னு சொல்றியே, நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

மாரம்மாவைக் கூட்டிக்கொண்டு கங்கப்பன் வண்டியை எடுத்தார். அவர் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகும்போது யாரும் தங்கதுரையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மாமா பின்னாலேயே முனிவேலும் போய்விட்டான். முற்றத்தில் காலி நாற்காலிகளும் சிந்திய பொரியும்தான் மிச்சம்.

ப்ரியாவுக்கு நின்று வருந்த நேரமில்லை. சிலிண்டர் வருவதற்குள் குழாய் முழுவதையும் கழற்றித் துடைத்தாக வேண்டும். ஒரு ஆள் பிடிக்க, ஒரு ஆள் கழற்ற வேண்டிய வேலை.

"அப்பா, வாங்க. இதைக் கொஞ்சம் பிடிங்க. என்னால தனியா முடியாது."

தங்கதுரை மஞ்சள் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார். மகள் மறுபடி கூப்பிட்டாள்.

"வேண்டாம் தாயி," என்றார். "நான் கிட்ட வரல. வேற யாரையாவது கூப்பிட்டுக்கோ."

கூப்பிட வேறு யாரும் இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆயுள் முழுக்க மெஷினோடு புழங்கிய மனிதர் முதல்முறையாக ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் போகப் பயந்தார். ப்ரியா அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தனியாகவே பின்பக்கம் போனாள். திரையில் கோடு இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.